தௌனோவின் நாற்பத்தொரு விநாடி

பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை காலை, பனி விழும் கோர்வென்பெரா கிராமத்து நூலக வண்டியின் ஓட்டுநர் தௌனோ ஹகமாகிக்கு வேலைமெனக்கெட்டு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வந்தது கைபேசியில். வண்டி பால்பண்ணை நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது, பின்னால் இரண்டு பேர் துப்பறியும் கதை தேடிக்கொண்டிருந்தார்கள். தௌனோ கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

'அன்புள்ள தௌனோ! கடந்த ஐந்து மாதங்களில் உங்கள் வட்டத்தில் நீங்கள் பேசிய மொத்த நேரம் நாற்பத்தொரு விநாடி. வரும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் குறைந்தது பத்து நிமிடம் பேசாவிட்டால், உங்கள் இடம் ஆர்வமுள்ள வேறொருவருக்குத் தரப்படும். உலகக் குடிமகனாக வளருங்கள்! இப்படிக்கு, உங்கள் செயலி.' அதற்குக் கீழே பல் தெரியச் சிரிக்கும் ஒரு மஞ்சள் முகம். ஆளை வெளியே தள்ளுகிற கடிதத்தில் சிரிப்பு முகம் ஒட்டுகிற புத்தி எந்த ஊர்ப் புத்தியோ!

தௌனோ இரண்டு தரம் படித்தார். அந்த நாற்பத்தொரு விநாடியும் அவருக்கு நினைவிருந்தது. முதல் நாள் பெயரும் ஊரும் சொன்னது ஒன்பது விநாடி. 'பனி பெய்கிறதா?' என்று கேட்டதற்கு 'பெய்கிறது' என்றது இரண்டு. மிச்சத்தில் பாதி அவர் நாற்காலி கிரீச்சிட்டது, அதையும் பேச்சாகச் சேர்த்துக்கொண்டிருந்தது அந்தச் செயலி. நியாயமாகப் பார்த்தால் இன்னும் குறையும் என்று அவருக்கே தெரிந்தது.

அவர் இதில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிவிட வேண்டும். போன செப்டம்பரில் நூலகத் தலைவி வென்லா, காப்பி நேரத்தில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று 'உலகக் குடிமக்கள் வட்டம்' என்று ஆரம்பித்திருக்கிறதாம். நாலு நாட்டிலிருந்து நாலு பேர், வாரம் ஒருநாள் திரையில் கூடிப் பேச வேண்டும், ஒரு வருஷம் முடிந்தால் சான்றிதழ். நம் நூலகம் ஒரு ஆளைக் கொடுத்தாக வேண்டும், யார் சேருகிறீர்கள் என்றாள். எட்டுப் பேர் அவரவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் ஜாடியைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று கண்ணாலேயே கேட்க, தௌனோ 'யோ' என்றார்.

இந்த 'யோ'வைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெறும் 'ஆமாம்'தான். ஆனால் கோர்வென்பெராவில் அதை மூச்சை வெளியே விட்டுச் சொல்வதில்லை, உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள். விஷயம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு ஆழமாக இழுப்பார்கள். கல்யாணத்தில் பாதிரியார் கேட்கும்போது மாப்பிள்ளை இழுக்கிற இழுப்பில் மெழுகுவத்தி அணைந்தாலும் அணையும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், அதனால் அங்கே ஒருவருக்கும் அது ஒரு சத்தமாகவே படுவதில்லை.

வென்லா தாளில் தௌனோவின் பெயரை எழுதிவிட்டாள். நான் காப்பிக்குச் சொன்னேன் என்று போய்ச் சொல்லலாம்தான். சொன்னால் அவள் அடிக்க வேண்டும், திருத்த வேண்டும், இன்னொரு ஆளைத் தேட வேண்டும். ஒரு மனுஷிக்கு அவ்வளவு தொந்தரவு கொடுப்பதற்குப் பதில் ஒரு வருஷம் உலகக் குடிமகனாக இருந்துவிட்டுப் போகலாம் என்று தௌனோ முடிவு செய்தார்.

வட்டத்தில் மற்ற மூன்று பேர் இவர்கள். பெரு நாட்டில் அரெகிப்பா நகரில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ரொசௌரா. நைஜீரியாவில் இபாடானில் மின்சாரப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஃபொலாரின். பிலிப்பைன்ஸில் செபுவில் நர்ஸாக இருக்கும் லிகாயா. அவரவர் மொழியில் பேசினால் போதும், கேட்கிறவர் திரையில் கேட்கிறவர் மொழியில் எழுத்தாக ஓடும். தௌனோவுக்கு மாலை நாலு மணி. ரொசௌரா மாவு பிசைந்துகொண்டே பேசுவாள், ஃபொலாரின் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டே பேசுவார், வேலை முடிந்து வந்த லிகாயா வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு பேசுவாள். தௌனோ முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, கேட்பார். எப்போதாவது ஒரு 'யோ'. திரையில் அதற்கு '(காற்று வீசுகிறது)' என்று எழுத்து ஓடும்.

ஒருதரம் ஃபொலாரின் வாய்விட்டே கேட்டுவிட்டார், "ஐயா, நாங்க ஏதாவது மனசு நோகும்படி பேசிட்டோமா?" என்று. இது லேசான கேள்வி இல்லையே. தௌனோ ஐந்து மாதப் பேச்சையும் ஒன்றுவிடாமல் மனதில் ஓட்டிப் பார்த்தார். இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்து வாயைத் திறப்பதற்குள் கூட்ட நேரம் முடிந்து திரை அணைந்துவிட்டது.

ஆனால் ஒன்று. முதலில் தலையெழுத்தே என்று உட்கார்ந்தவருக்கு, மூன்றாம் மாதம் போவதற்குள் செவ்வாய்க்கிழமை இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. ஃபொலாரின் வருஷத்துக்கு ஒரு அறையாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். மார்ச்சில் மழை பிடிப்பதற்குள் கூரை ஏறியாக வேண்டும், தகடு வந்து இறங்கினபாடில்லை. லிகாயாவின் வார்டில் புது மேற்பார்வையாளர் வந்து அவளைப் பாடாய்ப் படுத்தினாள். ரொசௌராவின் மகள் மில்லுஸ்கா ஸ்பெயினுக்கு வேலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தௌனோ வண்டி ஓட்டும்போதும், டயருக்குச் சங்கிலி மாட்டும்போதும் இதே நினைப்பு. கூரை என்னவாகும்? அந்த மேற்பார்வையாளரை யாராவது கேட்பார் உண்டா? அறுபது வயதில் அவருக்கு இப்படி மூன்று பேர் கிடைத்திருந்தார்கள். இப்போது பத்து நிமிடப் பேச்சு இல்லை என்று அவர்களைப் பிடுங்கப் பார்க்கிறது ஒரு செயலி.

வீட்டில் கடிதத்தை மனைவி சில்வியிடம் காட்டினார். சில்வி சவோ சீமைக்காரி. சவோக்காரர்களிடம் மணி என்ன என்று கேட்டால், கடிகாரம் வாங்கின கதையில் ஆரம்பிப்பார்கள். தௌனோவோ ஹமே சீமைக்காரர், அங்கே இரண்டு பேர் நாள் முழுக்க ஒரே படகில் மீன் பிடித்துவிட்டு, இன்று நன்றாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்று வீடு திரும்புவார்கள். இந்த இரண்டும் முப்பத்தைந்து வருஷம் ஒரே சமையலறையில் குப்பை கொட்டுகிறது.

பத்து நிமிஷம்தானே, ஊதித் தள்ளிவிடலாம் என்றாள் சில்வி. அன்றே பயிற்சி ஆரம்பமானது. முட்டை வேகவைக்கும் மணிக்கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"முதல்ல அவங்க குடும்பத்தைப் பத்தி ஏதாவது கேளு."

"அது அவங்க சொந்த விஷயம்."

"சரி, உன் குடும்பத்தைப் பத்திச் சொல்லு."

"அது நம்ம சொந்த விஷயம்."

"ஐயோ, இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சில்வி. பிறகு, வண்டியைப் பற்றியாவது பேசு என்றாள். தௌனோ கியர்பெட்டியை விவரித்தார். உண்மையிலேயே நன்றாகச் சொன்னார், சில்விக்கே ஆச்சரியம். மணிக்கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. அதிலும் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் யோசித்த நேரம் கணக்கில் வராது. அடுத்து சிரிப்புப் பயிற்சி. கண்ணாடி முன்னால் நிற்கவைத்தாள். அவர் சிரித்ததைப் பார்த்துவிட்டு, பல் டாக்டருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு அந்தப் பயிற்சியைக் கைவிட்டாள்.

கடைசியில் வென்லாதான் வழி சொன்னாள். எழுதி வைத்துப் படியுங்கள், செயலிக்குக் குரல் கேட்டால் போதும், என்ன சொல்கிறீர்கள் என்று அதற்கென்ன தெரியும் என்றாள். தௌனோ நான்கு ராப்பொழுது உட்கார்ந்து எழுதினார். 'கோர்வென்பெரா நூலக வண்டியின் பதினேழு நிறுத்தங்கள்' என்று தலைப்பு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பத்தி, யார் என்ன புத்தகம் எடுப்பார்கள், எங்கே பனி வழுக்கும், எல்லாம் இருந்தது. சத்தமாகப் படித்தால் பதினோரு நிமிடம். சில்வி கேட்டுவிட்டு, தூக்கம் வருகிறது, ஆனாலும் தேறிவிடுவாய் என்றாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. வென்லா வண்டிக்குச் சீக்கிரமே விடுப்புக் கொடுத்தாள். சில்வி, நான் பக்கத்தில் இருந்தால் நீ தடுமாறுவாய் என்று கடைக்குக் கிளம்பிவிட்டாள். தௌனோ சலவைச் சட்டை போட்டு, லேப்டாப்பைத் திறந்து, தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டார். மூன்று முகமும் வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"முதல் நிறுத்தம் பால்பண்ணை. அங்கே வண்டி ஒன்பது பத்துக்கு வரும்."

ஃபொலாரின் பேனாவைக் கீழே வைத்தார். லிகாயா வாளியிலிருந்து காலையே எடுத்துவிட்டாள். தௌனோ பேசுகிறார்! ஆனால் ரொசௌரா நிமிரவில்லை. அவள் கையில் மாவு இல்லை, கண் வீங்கியிருந்தது. தௌனோ அதைப் பார்த்தார். இரண்டாவது நிறுத்தம் என்று வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அழுகிற பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து வண்டி நேரம் படிக்கிற ஜன்மமா அவர்? தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

ரொசௌரா கொட்டித் தீர்த்தாள். மகளோடு மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. என்னை விட்டுவிட்டுப் போகிறவள் போகட்டும் என்று இவள் சொல்ல, போகத்தான் போகிறேன் என்று அவள் சொல்ல, வார்த்தை தடித்துவிட்டது. நாளைக் காலை ஆறு மணிக்கு லிமா பேருந்து, அங்கிருந்து விமானம். வழியனுப்பப் போவதா, வீராப்பாக வீட்டிலேயே இருப்பதா? ஃபொலாரின், பெரியவர்கள் இறங்கிப் போகக்கூடாது என்றார். லிகாயா, போகத்தான் வேண்டும் என்றாள். அரைமணி நேரம் மூன்று பேரும் மாறி மாறிப் பேசி ஓய்ந்தார்கள். பிறகு ரொசௌரா நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"தௌனோ, நீங்க சொல்லுங்க. நான் போகணுமா?"

தௌனோ யோசித்தார். கை அசையவில்லை, கண் இமைக்கவில்லை. இபாடானில் ஃபொலாரின் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தன் கம்பியை ஆட்டிப் பார்த்தார். தௌனோ மில்லுஸ்காவை நினைத்தார், பேருந்து நிலையத்தை நினைத்தார், தாய் வருகிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கப்போகிற அந்த முகத்தை நினைத்தார். இது சின்ன விஷயம் இல்லை. அதனால் பதிலும் பெரியதாக வந்தது. கண்ணை மூடி, தோள் இரண்டும் தூக்க, அடிவயிறு வரை மூச்சை உள்ளே இழுத்தார்.

"யோஓஓ."

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அடுத்தவர் பார்க்க அழுவது அவர் வழக்கம் இல்லை. வேகமாக எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து தடாலென்று விழுந்தது. அதை நிமிர்த்த நின்றால் அழுதுவிடுவோம் என்று அப்படியே வெளியே போய், முற்றத்தைக் கடந்து, சானா என்கிற நீராவிக் குளியலறைக்கு அடுப்பு மூட்டினார். மனசு கலங்கினால் ஒரு மனுஷன் வேறு எங்கே போவான்? பத்து நிமிடப் பேச்சு போயே போய்விட்டது, வட்டமும் போய்விட்டது என்று அடுப்பு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

திரையில் மற்ற மூன்று பேர் கண்டது வேறு. அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷர், கண்ணை மூடி, பயங்கரமாக ஒரு மூச்சு இழுத்து, மறைந்தார். தடால் என்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் சுவர். லிகாயா இருபத்திரண்டு வருஷம் வார்டில் வேலை பார்த்தவள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அது கடைசி மூச்சு," என்றாள். "நான் நிறையக் கேட்டிருக்கேன்."

அவ்வளவுதான், மூன்று கண்டமும் பரபரத்தது. தன் கைபேசியில் அவசர எண்ணைத் தட்டினால் செபு ஆம்புலன்ஸ்தான் வரும் என்று லிகாயாவுக்குத் தெரியும். ஃபொலாரின் கோர்வென்பெரா என்று தேடி நூலக எண்ணைக் கண்டுபிடித்தார். நூலகம் சாத்திவிட்டது, நன்றி என்றது பதிவுக் குரல். அதற்கு அடுத்த எண் தன்னார்வத் தீயணைப்புப் படை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அழைத்தார்கள். ரொசௌரா தன் அழுகையை மறந்து, அந்தப் படையின் இணையப் பக்கத்தில் ஸ்பானிய மொழியில் பதினான்கு செய்தி போட்டாள்.

படைத் தலைவர் அஹ்தி தௌனோவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர், கிராமத்தில் தச்சு வேலை செய்பவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்குப் பிடிபட்டது இரண்டே வார்த்தை: தௌனோ, சாவு. ஏழு நிமிடத்தில் செந்நிற வண்டி, விளக்கு சுழல, தௌனோவின் முற்றத்தில் வந்து நின்றது. தலைக்கவசம் மாட்டிய நாலு பேர் சமையலறைக்குள் புகுந்தார்கள். நாற்காலி விழுந்து கிடந்தது, பிணத்தைக் காணோம். ஒருவன் ஜன்னல் வழியே சானாவின் புகைபோக்கியைக் காட்டினான். அஹ்தி போய்க் கதவைத் திறந்தார். மேல்படியில் தௌனோ பிறந்தமேனியாக உட்கார்ந்திருந்தார்.

"டேய் தௌனோ, செத்துட்டியா?"

"இல்ல."

"நிச்சயமா?"

தௌனோ கொஞ்சம் யோசித்தார். "நிச்சயமா."

"மூணு நாட்டுலேர்ந்து சேதி வந்துச்சுடா. நீ கடைசி மூச்சு விட்டுட்டியாம்."

"நான் ஆமான்னு சொன்னேன்."

அஹ்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "யோ," என்று அவரும் மூச்சை உள்ளே இழுத்தார். கதவைச் சாத்தினால் சூடு போகாது என்று சாத்திவிட்டு, நகரத்திலிருந்து கிளம்பிவிட்ட ஆம்புலன்ஸைத் திருப்பச் சொல்லப் போனார். உள்ளே தௌனோ தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு ஆம்புலன்ஸ், நாலு ஆட்கள், மூன்று நாட்டுச் சேதி! யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று ஆரம்பித்த காரியம் இது. அவமானத்தில் இன்னும் இரண்டு அகப்பை தண்ணீரை அடுப்பில் காய்ந்த கல்மேல் ஊற்றி ஆவி கிளப்பினார்.

இதற்கிடையில் சில்வி கடையிலிருந்து வந்தாள். வாசலில் செந்நிற வண்டியைப் பார்த்ததும் பையைப் பனியில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆள் சானாவில் பத்திரம் என்று அஹ்தி சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. நாற்காலியை நிமிர்த்தி, பொத்தென்று உட்கார்ந்தாள். எதிரே திரையில் மூன்று முகம், மூன்றும் அழுதுகொண்டிருந்தன. சில்வி வாயைத் திறந்தாள்.

அன்றைக்கு அவள் பேசினது மாதிரி சவோ சீமையிலும் ஒருத்தி பேசியிருக்க மாட்டாள். அவர் உயிரோடிருக்கிறார், குளித்துக்கொண்டிருக்கிறார், அது சாகிற மூச்சு இல்லை, சம்மத மூச்சு, இந்த ஊரே அப்படித்தான் என்று ஆரம்பித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. ஃபொலாரின் வீட்டுக் கூரையை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் அவள் உயிரை வாங்குவதைச் சொன்னாள். இங்கே காற்றடித்தால் அங்கே தகடு பறக்குமோ என்று எழுந்து உட்காருவதைச் சொன்னாள். லிகாயாவின் மேற்பார்வையாளர் பெயரைச் சொல்லி விறகு பிளப்பதைச் சொன்னாள். ரொசௌரா செய்கிற ரொட்டியை வீட்டில் செய்யச் சொல்லித் தன்னைப் படுத்தி, மூன்று தரம் கல்லாகிப் போனதைச் சொன்னாள். எல்லாம் எழுத்தாக மூன்று மொழியில் ஓடியது. ஐந்து மாதமாக எதிரே உட்கார்ந்திருந்த அந்த மௌனச் சாமிக்குள் இவ்வளவா!

மறுநாள் காலை கைபேசியில் மஞ்சள் முகம் மறுபடி சிரித்தது. 'பிரமாதம் தௌனோ! நேற்று நீங்கள் பேசியது இருபத்தேழு நிமிடம். உங்கள் இடம் உறுதி.'

தப்பித்தார். இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் மனசு கேட்டால்தானே? புதன்கிழமை பால்பண்ணை நிறுத்தத்தைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பி வந்தார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதே தெரியாமல் சாப்பிட்டார். சில்வி விஷயத்தைப் பிடுங்கினாள்.

"அந்த நிமிஷமெல்லாம் உன்னோடது. என்னோடது இல்ல," என்றார்.

"முப்பத்தஞ்சு வருஷமா உனக்கும் சேர்த்துத்தான் நான் பேசுறேன். இது மட்டும் எப்படி பொய்யாகும்?"

சவோ நியாயம் அது. தௌனோவுக்கு அது செல்லாது. இன்னொருத்தர் பேச்சைத் தன் பேச்சென்று வைத்துக்கொண்டு அந்த மூன்று முகத்தையும் எப்படிப் பார்ப்பது? சொன்னால் அந்த முகங்களே இல்லாமல் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து ஆறு நாள் வெந்தார்.

அடுத்த செவ்வாய் நாலு மணிக்கு, ஒருவரும் வணக்கம் சொல்வதற்குள் தௌனோ பேசினார். தாள் எதுவும் இல்லை.

"போன வாரம் பேசினது நான் இல்ல. என் மனைவி சில்வி. இதை நான் இன்னைக்கே அறக்கட்டளைக்கும் எழுதிடுவேன். எனக்குப் பேசத் தெரியாம இல்ல. நீங்க சொல்லிட்டிருக்கும்போது நான் வாயைத் திறந்தா, நீங்க சொன்னது போதும்னு நான் சொல்ற மாதிரி ஆயிடும். எனக்குப் போதல. இன்னும் கேக்கணும். என்னைத் தூக்கிட்டா கூரை ஏறிச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாமலே போயிடும். அந்தப் பயத்துலதான் ஆறு நாள் சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. பிறகு ரொசௌரா, தான் பேருந்து நிலையத்துக்குப் போனதைச் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த மனுஷர் ஒரு நொடியில் இல்லாமல் போனதைப் பார்த்த பிறகு வீராப்பாவது ஒன்றாவது என்று, ஐந்தரை மணிக்கே போய் நின்றாளாம். அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுததில் பேருந்து இருபது நிமிடம் தாமதமாம், ஓட்டுநர் திட்டினாராம். தௌனோ ஒரு ஓட்டுநராக அந்த ஓட்டுநருக்காக வருத்தப்பட்டார், ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை அழுததை மறைக்க எழுந்து போகவில்லை.

அறக்கட்டளை ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. தௌனோவின் கணக்கு திருத்தப்பட்டது, இடம் பறிக்கப்பட்டது. அதே கடிதத்தில், அவர் கணக்கில் கேட்ட இன்னொரு குரலின் ஈடுபாடு அபாரம் என்று பாராட்டி, அந்த இடத்தை செயலி சில்விக்கே கொடுத்திருந்தது. கோர்வென்பெராவின் உலகக் குடிமகள் இனி சில்வி ஹகமாகி. தௌனோ கடிதத்தைப் படித்துவிட்டு லேப்டாப்பை சில்வி பக்கம் நகர்த்தி வைத்தார்.

இப்போது செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு சில்விதான் லேப்டாப் முன்னால், உதட்டுச் சாயம் எல்லாம் போட்டுக்கொண்டு. கேமராவில் படாத பக்கமாக ஒரு முக்காலி, அதில் காப்பிக் கோப்பையோடு தௌனோ. கூரைத் தகடு வந்து இறங்கிவிட்டது, ஆணி அடிக்க ஆள் வரவில்லை. மேற்பார்வையாளருக்கு இடமாற்றம். மில்லுஸ்காவுக்கு ஸ்பெயினில் சாப்பாடு பிடிக்கவில்லை. எல்லாம் அவர் காதில் விழுகிறது. சில்வி கேட்கிற கேள்விகளில் பாதி அவர் முக்காலியிலிருந்து சீட்டில் எழுதி நீட்டுவது.

கடைசி ஐந்து நிமிடம் வந்ததும் ஃபொலாரின், "இப்ப ஐயாவோட முறை," என்பார். சில்வி எழுந்து இடம் விடுவாள். தௌனோ வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மேஜைமேல் வைப்பார். அதற்கப்புறம் ஒருவரும் பேசுவதில்லை. ரொசௌரா மாவு பிசைகிறாள், ஃபொலாரின் தாள் திருத்துகிறார், லிகாயா வாளியில் காலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். சில்வி பக்கத்தில் நின்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த ஐந்து நிமிடத்தையும் எப்படியோ சகித்துக்கொள்கிறாள்.

மூன்றாவது நிமிடம் செயலிக்குப் பொறுக்காது. 'இங்கே யாரும் இல்லை போலிருக்கிறதே. கூட்டத்தை முடித்துவிடவா?' என்று நாலு திரையிலும் கேட்கும். கீழே ஒரு பொத்தான், 'இருக்கிறோம்' என்று. நாலு கண்டத்திலும் கை நீளும். ஒருநாளும் தவறாமல் தௌனோதான் முதலில் அமுக்குவார்.